எங்கள் தெருவுக்கு உறுப்பினர் யார்?

பொது அறிவுப் போட்டிக்காக நாடுகளையும் தலைநகரங்களையும் நாங்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்த ஒரு மாலை வேளையில், எங்கள் சமூக அறிவியல் ஆசிரியையாகிய அருட்சகோதரி ஒரு கேள்வி கேட்டார்கள். "குடியரசுத் தலைவர் யார் என்று சொன்னீர்கள். ஆளுநர் யார் என்றும் சொன்னீர்கள். உங்கள் தெருவுக்கு உறுப்பினர் யார்?"

வகுப்பில் அமைதி நிலவியது. நான்கு கைகள் மட்டுமே உயர்ந்தன. அந்த நால்வரிலும் ஒருத்தி, உறுப்பினராக இருக்கும் அம்மையாரின் பெயருக்குப் பதிலாக அவருடைய கணவரின் பெயரைச் சொன்னாள்! கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவேன் என்றானாம். எங்கள் நிலையும் அன்று அப்படித்தான் இருந்தது. அந்த வெட்கத்தோடு தொடங்கிய எங்கள் தேடலின் பயனே இக்கட்டுரை.

நம்மைச் சுற்றியுள்ள மன்றங்கள்

நம் பள்ளி ஒன்றிலேயே பலவகை உள்ளாட்சிகளின் குடிமக்கள் கூடியிருக்கிறோம். கிருஷ்ணன்கோவிலைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வருவோர் ஊராட்சிகளில் வாழ்பவர்கள். வத்திராயிருப்பிலிருந்து வருவோர் பேரூராட்சியைச் சேர்ந்தவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் பேருந்தில் வந்து இறங்குவோர் நகராட்சியின் மக்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சி 33 வார்டுகளாகவும், ராஜபாளையம் நகராட்சி 42 வார்டுகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. சிவகாசியில் உறவினர் இருந்தால் அவர்கள் மாநகராட்சியின் மக்கள். சிவகாசி, திருத்தங்கல் என்னும் இரு நகராட்சிகளும் 2021ஆம் ஆண்டு ஒன்றாக்கப்பட்டு, 48 வார்டுகள் கொண்ட மாநகராட்சி உருவாயிற்று.

ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று பெயர்கள் வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றே. ஊர் வார்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. வார்டுக்கு ஒருவரை மக்கள் ஐந்து ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் மன்றமாகக் கூடி, வரிப்பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்கிறார்கள்.

இவற்றுள் மிகப் பெரியதும் மிகப் பழையதும் சென்னை மாநகராட்சியே. அதன் கதையை அறிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். நமக்கும் சென்னைக்கும் இடையே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவு இருந்தாலும், சென்னையில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இல்லாத வீடு நம் பகுதியில் அரிது அல்லவா?

மிக்கேல் அதிதூதர் திருநாளில் பிறந்தது

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் கோட்டை கட்டி வாணிகம் செய்துவந்த காலம். ஊர் காக்கவும் தெரு பேணவும் பணம் வேண்டியிருந்தது. கம்பெனி நேராக வரி கேட்டால் மக்கள் மறுத்தார்கள். ஊராரே தங்களுக்குள் ஒரு மன்றம் அமைத்து வரி விதித்தால் மனமுவந்து கொடுப்பார்கள் என்று லண்டனில் கம்பெனியின் தலைமையில் இருந்த சர் ஜோசையா சைல்டு கருதினார். அரசர் இரண்டாம் ஜேம்ஸின் இசைவோடு 1687 டிசம்பர் 30ஆம் நாள் சாசனம் வழங்கப்பட்டது. 1688 செப்டம்பர் 29ஆம் நாள், நாம் மிக்கேல் அதிதூதர் திருநாளைக் கொண்டாடும் அதே நாளில், சென்னை நகரசபை தொடங்கப்பெற்றது. நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். அவருக்குத் துணையாக 12 ஆல்டர்மென்களும் 60 நகரப் பிரதிநிதிகளும் இருந்தனர். ஆங்கிலேயர் மட்டுமன்றி இந்துக்களும் போர்ச்சுகீசிய வணிகரும் யூத வணிகரும் அந்த மன்றத்தில் இடம்பெற்றார்கள்.

அது மக்கள் வாக்களித்து அமைத்த மன்றம் அன்று. வரி வாங்குவதற்காக அமைத்த மன்றம். ஆயினும் வரி கொடுப்பவனுக்கு அவையில் இடம் வேண்டும் என்ற எண்ணம் அன்றே வேரூன்றிவிட்டது. பிரிட்டனுக்கு வெளியே, காமன்வெல்த் நாடுகளிலேயே மிகப் பழைய நகரசபை சென்னையுடையதே.

இவ்வெண்ணம் தமிழ் மண்ணுக்குப் புதியதும் அன்று. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையில் ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்கிறது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று வேலைகளைப் பிரித்திருந்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் நிற்க முடியாது. குடத்திலிருந்து ஓலையை எடுத்தது ஒரு சிறுவன். பெண்களுக்கோ, நிலம் இல்லாதவர்களுக்கோ அதில் இடம் இல்லை. அந்தக் குறையை நீக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின.

ரிப்பன் பிரபு கண்ட பள்ளிக்கூடம்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்குவோர் கண்ணில் படும் வெள்ளை மாளிகையை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதுவே மாநகராட்சியின் தலைமையகமாகிய ரிப்பன் கட்டடம். அது 1913இல் திறக்கப்பெற்றது. மாநகராட்சிக்குப் புகார் சொல்லும் தொலைபேசி எண்ணும் 1913 என்றே அமைந்திருப்பதால், இந்த ஆண்டை மறக்க வழியில்லை.

கட்டடத்துக்குப் பெயர் தந்த ரிப்பன் பிரபு 1880 முதல் 1884 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவர். 1874இல் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதனால் இங்கிலாந்தில் பலருடைய கடுமையான விமரிசனத்துக்கு ஆளானார். ஆயினும் கொண்ட கொள்கையில் தளரவில்லை. 1882 மே 18ஆம் நாள் அவர் வெளியிட்ட தீர்மானம் இந்தியாவெங்கும் நகர மன்றங்களில் மக்கள் பிரதிநிதிகளுக்கு இடம் தர வழி செய்தது. அதனால் அவரை உள்ளாட்சியின் தந்தை என்பர்.

உள்ளாட்சியால் நிர்வாகம் உடனே சிறந்துவிடும் என்பதற்காக அதை முதன்மையாகக் கேட்கவில்லை, மக்களுக்கு அரசியல் கல்வி கிடைக்கும் என்பதற்காகவே கேட்கிறேன் என்ற கருத்தை அத்தீர்மானத்தில் அவர் எடுத்துரைத்தார். அவர் கண்ணுக்கு நகரசபை ஒரு பள்ளிக்கூடமாகவே தோன்றியது. தவறு செய்து, திருத்தி, கற்றுக்கொள்ளும் இடம் அது. பள்ளி மாணவிகளாகிய நமக்கு இக்கருத்து நன்றாகவே புரியும்.

ஓரணாவில் ஒரு சிற்றுண்டி

ஒரு மன்றம் நினைத்தால் என்ன செய்ய முடியும்? 1920 செப்டம்பர் 16ஆம் நாள் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அப்போது மன்றத்தின் தலைவர் சர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் பசியோடு வருவதால் வருகை குறைகிறது. ஆகவே மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி வழங்கலாம் என்பதே அத்தீர்மானம். பின்பு வேறு சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. அச்செலவுக்கு அன்றைய ஆங்கில அரசு இடம் தராததால் 1925இல் நின்றுபோயிற்று.

ஆனால் விதை சாகவில்லை. நம் விருதுநகர் ஈன்ற காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பள்ளி மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவியது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது. பள்ளியில் நம் தம்பி தங்கையர் உண்ணும் உணவின் முதல் உலை ஒரு நகர மன்றத்தில்தான் வைக்கப்பட்டது.

காமராசரைப் பற்றி இன்னொரு செய்தியும் நம் மாவட்டத்தார் அறிய வேண்டியது. 1941இல் அவர் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகரசபை அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. விடுதலையாகி வந்ததும் அவர் அப்பதவியை விட்டு விலகினார். நாட்டு விடுதலைப் பணி முன்னே நிற்க, முழு நேரமும் கொடுக்க முடியாத பதவியில் ஒட்டிக்கொண்டிருக்க அவர் விரும்பவில்லை. நகரசபைத் தலைமை என்பது பெயருக்கு வைத்துக்கொள்ளும் பட்டமன்று என்பதை அவர் செயலால் காட்டினார்.

கவுன்சிலரின் வேலை என்ன?

2011இல் விரிவாக்கப்பட்ட பின் சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அது 15 மண்டலங்களாகவும் 200 வார்டுகளாகவும் பிரிக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி அந்தப் பரப்பில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 67 லட்சம் பேர். அப்படியானால் ஒரு கவுன்சிலருக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். ஒரு சிறு நகரத்தின் மக்கள் தொகை அது!

கவுன்சிலர் தாமே சாலை போடுவதில்லை. அதிகாரிக்கு நேராக ஆணையிடவும் முடியாது. நிர்வாகத்தை நடத்துபவர் அரசு நியமிக்கும் ஆணையர். கவுன்சிலரின் பலம் மன்றத்தில் இருக்கிறது. அங்கே கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம், வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்கலாம். கணக்கு, பொதுச் சுகாதாரம், கல்வி, வரிவிதிப்பும் நிதியும், நகரமைப்பு, பணிகள் என்று நிலைக்குழுக்கள் உண்டு. மேயரைத் தேர்ந்தெடுப்பவர்களும் 2022 தேர்தலில் கவுன்சிலர்களே. சில தேர்தல்களில் மக்களே மேயரை நேராகத் தேர்ந்தெடுத்ததும் உண்டு. மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாயும் நகராட்சி உறுப்பினருக்கு 5,000 ரூபாயும் மதிப்பூதியம் என்று 2023இல் அரசு வகுத்தது.

எந்த வேலை யாருடையது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சென்னையில் தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், மாநகராட்சிப் பள்ளி, பூங்கா, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் கழிவுநீரும் 1978இல் அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மின்சாரம் மின்வாரியத்துடையது. பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையுடையவை. தெருவில் தேங்கி நிற்கும் நீர் மழைநீரானால் ஓர் அலுவலகம், சாக்கடை நீரானால் வேறோர் அலுவலகம்! வீட்டுவேலையை விட்டுவிட்டு ஓர் ஏழைத் தாய் எத்தனை படி ஏறுவாள்? அவளுக்காக அந்தப் படிகளை ஏற வேண்டியவரே கவுன்சிலர். குடிநீர் வாரியம் தம் பொறுப்பில் இல்லாவிட்டாலும், தண்ணீர் வராத நாளில் மக்கள் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

பூட்டப்பட்ட மன்றம்

அந்தக் கதவு இல்லாமற்போனால் என்ன ஆகும்? அதையும் சென்னை கண்டிருக்கிறது.

1973இல், வேலை செய்யாதவர்கள் பெயரையெல்லாம் தினக்கூலிப் பதிவேட்டில் எழுதிப் பணம் எடுத்ததாகப் பெரும் ஊழல் வெளியாயிற்று. 'மஸ்டர் ரோல் ஊழல்' என்று அதைச் சொல்வார்கள். அவ்வாண்டு டிசம்பரில் மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. தவறு செய்தவர்கள் சிலர். ஆனால் மன்றத்தை இழந்தது முழு நகரமும். அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில்தான் நடந்தது. இடைப்பட்ட 23 ஆண்டுகள் சென்னைக்குக் கவுன்சிலர்கள் இல்லை. அரசு நியமித்த அலுவலரே மன்றத்தின் இடத்தில் இருந்தார். 1973இல் பிறந்த ஒரு சென்னைக் குழந்தை பள்ளியில் சேர்ந்து, படிப்பை முடித்து, வேலைக்கும் போன பிறகே தன் தெருவுக்கு ஓர் உறுப்பினரைக் கண்டது.

அலுவலர்கள் வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். சாலைகள் போடப்பட்டன, பள்ளிகள் நடந்தன. ஆனால் அலுவலர் மாறுதலாகிப் போவார். அடுத்த தேர்தலில் நம் முன் வந்து அவர் கைகூப்ப வேண்டியதில்லை. எங்கள் தெருவை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று மன்றத்தில் எழுந்து கேட்கவும் ஆள் இல்லை.

1992இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 73ஆம், 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள், இந்நிலை வராமல் ஐந்தாண்டுக்கொரு முறை தேர்தல் வேண்டும் என்று வகுத்தன. அவை 1993இல் நடைமுறைக்கு வந்தன. ஆயினும் 2016இல் இடஒதுக்கீடு பற்றிய வழக்கால் தேர்தல் நின்றது. சென்னை மன்றம் மீண்டும் 2022 மார்ச்சில்தான் கூடியது. கொரோனா நோய் பரவிய 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் வார்டுகளுக்கு உறுப்பினர்கள் இல்லை.

சென்னையின் துன்பம் நமக்கு அயலானதன்று. நம் மாவட்டத்து ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிந்தது. தேர்தல் நடக்காததால் பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. அதற்குப் பிறகு, எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் கிராமத்தில் குழாயடியில் தண்ணீர் வராதபோது, "முன்பு மெம்பர் அக்கா வீட்டுத் திண்ணையில் போய்ச் சொல்வோம், இப்போது ஒன்றிய அலுவலகத்துக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கிறது" என்று அவளுடைய பாட்டி சொன்னாராம். உள்ளாட்சியின் அருமையை அந்தப் பாட்டியைவிடத் தெளிவாக எங்களால் விளக்க முடியவில்லை.

மன்றத்தைப் பூட்டுவது அரசோ வழக்கோ மட்டுமன்று, மக்களும்தான். 2022 பிப்ரவரி 19ஆம் நாள் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் மாநில அளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 61 பேர் வாக்களித்தார்கள். சென்னையில் 44 பேர்கூட வாக்களிக்கவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் மன்றமின்றித் தவித்த நகரத்தில், வாக்குச்சாவடி திறந்திருந்தும் பாதிப் பேருக்கு மேல் வரவில்லை!

பாதி இடம் பெண்களுக்கு

சென்னைக்கு முதல் பெண் மேயர் தாரா செரியன் அம்மையார். 1949இல் அப்பொறுப்பை ஏற்ற அவர் சமூகத் தொண்டில் சிறந்து விளங்கி, 1967இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவருக்குப் பின் 2022இல் தம் 28ஆம் வயதில் மேயரான ஆர். பிரியா மூன்றாவது பெண் மேயர்; பட்டியல் இனத்திலிருந்து அப்பொறுப்புக்கு வந்த முதல் பெண்மணி. சிவகாசி மாநகராட்சியின் முதல் மேயராக அதே ஆண்டு அமர்ந்தவரும் ஒரு பெண்மணியே.

1993 முதல் உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு உறுதியாயிற்று. தமிழ்நாட்டில் 2016இல் அது சரிபாதியாக உயர்த்தப்பட்டது. ஆகவே, நம் ஊர்களிலும் இரண்டு இருக்கைகளில் ஒன்று பெண்ணுக்குரியது. ஆனால் இருக்கை கிடைத்தால் போதுமா? எங்கள் வகுப்பில் உறுப்பினரின் பெயருக்குப் பதில் கணவரின் பெயர் வந்ததை நினைத்துப் பாருங்கள். கூட்டத்துக்குக் கணவர் போய், கோப்பைக் கணவர் படித்து, கையெழுத்து மட்டும் மனைவி போட்டால், அது கடன் கொடுத்த இருக்கையாகிவிடும். வரவு செலவைப் படிக்கத் தெரிந்த, சபையில் எழுந்து பேச அஞ்சாத பெண்கள் வேண்டும். நம் பள்ளியில் நடக்கும் கணக்குப் பாடமும் சொற்போட்டியும் அதற்கான பயிற்சியே.

ஒரு விளக்கின் கதை

எங்கள் தோழி ஒருத்தி பக்கத்து நகரம் ஒன்றிலிருந்து வருகிறாள். அவளுடைய தாயார் நூற்பாலையில் இரவுப் பணி முடித்து வரும் தெருவில் ஒரு மாதமாக விளக்கு எரியவில்லை. அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். முதலில் தவறான அலுவலகத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பினோம். பிறகு வார்டு உறுப்பினரைத் தேடிச் சென்றோம். "கம்பத்தின் எண் என்னம்மா?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. கம்பத்துக்கு எண் உண்டு என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்! எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடியும் போனோம். மூன்றாம் வாரம் விளக்கு எரிந்தது. அடுத்த கம்பத்து விளக்கு இன்னும் எரியவில்லை. அதற்கும் எண்ணோடு மனு தயாராக இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. நம் வார்டு எண்ணைத் தெரிந்துகொள்வோம். நம் உறுப்பினரின் பெயரை, அவருடைய பெயரையே, தெரிந்துகொள்வோம். குறையைச் சொல்லும்போது இடம், நாள், கம்ப எண் ஆகியவற்றோடு எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்வோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபைக்கு நம் அன்னையரை அழைத்துச் செல்வோம். தமிழ்நாட்டில் உள்ளாட்சி தினமாக 2022இல் அறிவிக்கப்பட்ட நவம்பர் முதல் நாள் நமக்குச் சகல புனிதர் திருநாளும் ஆகும். காலையில் திருப்பலி கண்டு, பின் ஊர்ச்சபையில் அமர்ந்தால் இரண்டும் இறைப்பணியே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தேர்தல் எப்போது வந்தாலும், சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நீங்கள் வரிசையில் நிற்பதுபோலவே வார்டுத் தேர்தலுக்கும் நில்லுங்கள். எங்களுக்கு 18 வயது ஆகும்போது நாங்களும் உங்கள் பின்னே வந்து நிற்போம். 21 வயது ஆகும்போது எங்களில் யாரேனும் வேட்பாளராகவும் நிற்கலாம். அன்று ஒரு வகுப்பறையில், உங்கள் தெருவுக்கு உறுப்பினர் யார் என்று ஓர் ஆசிரியை கேட்கும்போது, வகுப்பு முழுவதும் கை உயர்த்தி ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லட்டும். அதற்கு இன்றே நம்மை ஆயத்தம் செய்வோமாக!